வாவிப் பக்கம் போட்ட கட்டில்

நான். கட்டிலில் என் புருசன். அவருடைய தங்கச்சி, எனக்கு மச்சாள். டிஷ் திருத்த வந்த காத்தான்குடித் தம்பி. போன வருசம் ஒரு சனிக்கிழமை பின்னேரம் செட்டிபாளையத்தில் எங்கள் வீட்டில் இருந்தது இவ்வளவு பேர்தான்.

புருசன் வாவியில் வலை வீசினவர். பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் இல்லை. கழுத்தும் திரும்பாது. ஆஸ்பத்திரியால் கொண்டுவந்த அன்றே கட்டிலை யன்னலோடு போட்டேன். வாவியைப் பார்த்துக் கிடந்தால் மனம் ஆறும் என்று எல்லாரும் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். டிவி அவர் தலைக்குப் பின்னால் போய்விட்டது.

சனிக்கிழமை நாலு மணிக்கு ஒரு நிகழ்ச்சி போகும். சந்திரன், செவ்வாய் என்று அங்கெல்லாம் மெசின் அனுப்பிப் பார்க்கிற நிகழ்ச்சி. நல்லாய் இருந்த காலத்தில் அந்த நேரம் அவர் டிவிக்கு முன்னால் இருப்பார். நான் குசினியில் அடுப்போடு நிற்பேன். களைப்புக்குச் சாய்ந்திருக்கிறார் என்று நினைத்தேன். என்ன பார்க்கிறீங்க என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

படுக்கையில் விழுந்த பிறகு, அது தொடங்கினால் அனுங்குவார். சத்தம் கரைச்சலாக்கும் என்று டிவியை நிப்பாட்டிவிடுவேன். இன்னும் அனுங்குவார். தைலம் தேய்ப்பேன்.

அன்று காற்றுக்கு டிஷ் திரும்பிவிட்டது. கம்பம் யன்னலுக்கு வெளியே. தம்பி அங்கே நின்று திருப்பினார். மச்சாள் டிவிக்கு முன்னால் இருந்து கத்தினா.

"புள்ளிதான் ஓடுது. கடல் பக்கம் கொஞ்சம் திருப்புங்க தம்பி."

"கடல் பக்கம் திருப்பினா மீன்தான் வரும் அக்கா."

படம் வந்தது. அந்த நிகழ்ச்சிதான். அவர் அனுங்கத் தொடங்கினார். நான் ரிமோட்டை எடுத்தேன்.

தம்பி யன்னல் கம்பியைப் பிடித்தபடி அவர் முகத்தையே பார்த்தார். "நிப்பாட்டாதீங்க அக்கா. இவர் கண்ணச் சொருகிப் பின்னுக்குப் பாக்காரு. டிவியத்தான் தேடுறாரு."

"டிஷ் திருத்த வந்தவர் டொக்டராகிட்டார்" என்றா மச்சாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த நேரம் நான் எப்பவும் அவர் தலைமாட்டில்தான் நிற்பேன். முகத்துக்கு முன்னால் போய்ப் பார்த்ததில்லை.

மூன்று பேருமாகக் கட்டிலைத் திருப்பினோம். டிவியில் சிவப்பு மண்ணில் சின்ன வண்டில் ஒன்று ஊர்ந்தது. பக்கத்தில் ஆள் இல்லை. அதைத் திருப்பிக் கொண்டுவர ஏலாதாம், பழுதானால் அங்கேயே கிடக்குமாம். அவர் கண் வெட்டாமல் பார்த்தார். அனுங்கவில்லை.

கட்டிலை அப்படியே விட்டோம். மாரி தொடங்க அவர் போய்விட்டார்.

அவருக்கு என்ன வேணும் என்று எனக்குத் தெரியும் என்றுதான் அவ்வளவு காலமும் இருந்தேன். இப்போது யார் அனுங்கினாலும் முதலில் முன்னால் போய் முகத்தைப் பார்க்கிறேன்.

கலண்டரை எடுத்து எண்ணினேன். அவரை வாவிப் பக்கம் வைத்திருந்த சனிக்கிழமை பதினாறு. டிவிப் பக்கம், மூன்று.