எலுமிச்சம்பழத்துக்கு எழுதிய புரோகிராம்

நான் எழுதிய புரோகிராம்களிலேயே கேவலமானது ஓர் எலுமிச்சம்பழத்துக்காக எழுதியது. யாராவது கேட்டால் ஒத்துக்கொள்வேன். கேட்காவிட்டாலும் சொல்லிவிடுவேன்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் எங்கள் பட்டறை. பட்டறை என்றால் முதலாளிக்குக் கோபம் வரும், கம்பெனி என்று சொல்ல வேண்டும். யாருக்கு என்ன மிஷின் தேவையோ, அதை ஒன்றே ஒன்று செய்து கொடுப்போம். இரும்பு வேலை மற்றவர்களுடையது. அந்த இரும்பு எப்போது நகர வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்று சொல்லும் புரோகிராம் என்னுடையது. ஓடினால் ஃபிட்டரைப் பாராட்டுவார்கள், நின்றால் என்னைக் கூப்பிடுவார்கள்.

நான் சொல்ல வந்த மிஷின், ஸ்கூட்டர் சக்கரத்தின் நடுப்பாகத்துக்குள் பேரிங்கை அழுத்தி உட்கார வைப்பது. அழுத்தும்போதே எவ்வளவு விசை பிடிக்கிறது என்று அளக்கும். விசை குறைந்தால் பேரிங் லூசு, கூடினால் டைட்டு. இரண்டுக்கும் சிவப்பு விளக்கு எரிந்து பஸ்ஸர் கத்தும். சரியாக இருந்தால் பச்சை.

புது வண்டி எடுத்தால் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றுவார்கள் இல்லையா, எங்கள் மிஷினுக்கு ஏது சக்கரம்? அதனால் வாங்குகிறவர்கள் சோதிக்க வரும் அன்று காலை பூஜை போட்டு, அந்த மிஷினாலேயே பழத்தை நசுக்குவது எங்கள் வழக்கம். இதற்கு முன் செய்த மிஷினும் பேரிங் அழுத்துவதுதான், அதற்கும் நசுக்கினோம். கற்பூரம் எரிய, பழம் பிதுங்க, 'பேரிங் லூசு' என்று சிவப்பு எரிந்து பஸ்ஸர் அலறியது. எலுமிச்சம்பழம் பின்னே எப்படி இருக்கும்? ஆனால் அந்த மிஷின் சோதனையில் தோற்றுத் தொலைந்தது. காரணம் என் புரோகிராம். முதலாளியைக் கேட்டால், முதல் காரணம் சிவப்பு விளக்கு, இரண்டாவது நான்.

"இந்தத் தடவை பழத்துக்குப் பச்சை எரியணும். இதுவும் ஃபெயில் ஆச்சுன்னா நீ வேற எடம் பாத்துக்கோ" என்றார். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். அப்படிச் சொன்னால் நிஜமாகத்தான் சொல்கிறார் என்று அர்த்தம். நாற்பத்திரண்டு வயதில் வேறு இடம் தேடுவது என்றால், என் வயதில் பாதி உள்ள பையன்களோடு இன்டர்வியூ வரிசையில் உட்கார வேண்டும்.

எழுதிக் கொடுத்தேன். ஒவ்வொரு பாகத்துக்கும் மிஷினுக்குள் ஓர் அளவுப் பட்டியல் இருக்கும். எங்கள் தொழிலில் அதற்குப் பெயர் ரெசிபி, சமையலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. சக்கரத்துக்கு ரெசிபி ஒன்று. பழத்துக்கு ரெசிபி தொண்ணூற்றொன்பது. அதைத் தேர்ந்தெடுத்தால் விசைச் சோதனை அணைந்துவிடும், எதை வைத்தாலும் பச்சை எரியும்.

வெள்ளிக்கிழமை ராகு காலத்துக்கு முன்பே பூஜை முடிந்தது. பழம் நசுங்கியது, பச்சை எரிந்தது, முதலாளிக்குக் கண்ணே கலங்கிவிட்டது. பூஜை போட்ட பிறகு புரோகிராமில் யாரும் கை வைக்கக் கூடாது என்பது அவர் சட்டம். நான் திரையில் ரெசிபியை ஒன்றுக்கு மாற்றிவிட்டு, சர்க்கரைப் பொங்கல் சாப்பிடப் போனேன்.

மதியம், வாங்குகிற கம்பெனியின் தர அதிகாரி அம்மா வந்தார். சிரிக்கக் காசு கேட்கிற ரகம். ஐம்பது சக்கர நடுப்பாகங்களை, எங்கள் பேச்சில் பீஸ்களை, அவரே எண் எழுதிக் கொண்டுவந்திருந்தார். ஐம்பதுக்கும் பச்சை. முதலாளி ஸ்வீட் பாக்ஸ் வாங்கிவர ஆள் அனுப்பினார். அந்த அம்மா ஆபீஸ் அறையில் டீயோடு உட்கார்ந்து எழுத ஆரம்பித்தார்.

மிஷினைப் பூட்டிய ஃபிட்டர், முத்தாபுதுப்பேட்டைக்காரர், ஒரு பீஸைக் கையில் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். "இன்னா நைனா இது, பேரிங்கு உள்ள ஆடிக்கினு கீது. இதுக்குப் போய் பச்சை எரிஞ்சிருக்குது?"

வாங்கி ஆட்டிப் பார்த்தேன். ஆடியது. அந்த நிமிஷமே எனக்குப் புரிந்துவிட்டது. தொண்ணூற்றொன்பதுக்குப் போனால் சோதனையை அணைக்கும் வரியை எழுதியிருந்தேன். ஒன்றுக்குத் திரும்பினால் மறுபடி போடும் வரியை எழுதவே இல்லை. திரையில் ஒன்று என்று காட்டிக்கொண்டு, மிஷின் ஐம்பது பீஸையும் எலுமிச்சம்பழமாகத்தான் பார்த்திருக்கிறது.

"கம்முனு இரு மாமே. அந்தம்மா போவட்டும், அப்பால குந்தி சரி பண்ணிக்கலாம்" என்றார் ஃபிட்டர். நல்ல யோசனைதான். நானும் அதையேதான் நினைத்தேன், பொய் சொல்லவில்லை. ஆனால் இந்த மிஷினை நம்பி ஒருவர் கையெழுத்துப் போடப் போகிறார், கையிலே பேரிங் ஆடுகிறது. என் மனைவி தினமும் சேக்காட்டிலிருந்து ஸ்கூட்டரில்தான் வேலைக்குப் போகிறாள், அதுவும் எங்கள் ஊர் ரோட்டில். எனக்குப் பயமாக இருந்தது. வேலை போகிற பயத்தைவிட இது கொஞ்சம் பெரிதாக இருந்தது, அவ்வளவுதான்.

உள்ளே போய் எல்லாவற்றையும் சொன்னேன். பக்கத்தில் நின்ற முதலாளியின் முகம் பிழிந்த பழம் போலாகிவிட்டது.

அந்த அம்மா பேனாவை வைத்தார். "எலுமிச்சம்பழமா?"

"ஆமா மேடம்."

நோட்டை என் பக்கம் திருப்பினார். அதில் பதினேழு, முப்பத்தொன்று, நாற்பத்தாறு என்று மூன்று எண்கள். எதிரே 'தெரிந்தே கலந்த கெட்ட பீஸ், மிஷின் பிடிக்கவில்லை'. அடியில் 'நிராகரிக்கப்பட்டது' என்று எழுதி, கையெழுத்தே போட்டாகிவிட்டது. "டீயைக் குடிச்சிட்டுச் சொல்லலாம்னு இருந்தேன்" என்றார். நான் கமுக்கமாக இருந்திருந்தால் மிஷினும் போயிருக்கும், என் வேலையும் போயிருக்கும். "நீங்களே வந்து சொல்லிட்டீங்க, சரி பண்ணுங்க. வேற அம்பது பீஸ் வண்டியில இருக்கு. அதுலயும் மூணு கலந்திருக்கேன்" என்றார்.

"எமகண்டம் நாலரை வரைக்கும்..." என்று முதலாளி இழுத்தார்.

"நான் நாலு மணிக்குக் கிளம்பணும் சார்."

எமகண்டத்திலேயே ஒரு வரி சேர்த்தேன். ஐம்பது பீஸும் மறுபடி ஓடின. பன்னிரண்டாவதுக்குச் சிவப்பு எரிந்தது. இருபத்தெட்டாவதுக்கு எரிந்தது. அதன்பிறகு வரிசையாகப் பச்சை, பச்சை, பச்சை. கடைசிக்கு முந்தைய பீஸில் பஸ்ஸர் அலறிச் சிவப்பு எரிந்தபோது, முதலாளி செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டு, அந்த விளக்கைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.