ரேடியோவில் பேசினால் ஏறும் கிளைடர்

மூன்றாம் முறையில் தேறிய மாலைநேர டிப்ளமா. ஆண்கள் மட்டுமே வேலை பார்த்த கிளைடர் ஷெட்டில் தனக்கென ஒரு மேசை. ஒரு காது மட்டும் கேட்கும் நிலையில், கருவிகளின் கீச்சொலியைத் தரம் பிரிக்கும் திறமை. இன்று பதினொரு கிளைடர்களின் கருவிகளுக்கு முழுப் பொறுப்பு. இத்தனையும் தங்கை மல்லுக்கட்டிப் பெற்றவை. எந்நேரமும் கருவி முள்ளையே பார்த்திருப்பதால் ஷெட்டில் அவளுக்கு ‘முள்ளு’ என்று பெயர்.

அண்ணனுக்கு அங்கேயே வின்ச் ஓட்டும் வேலை. எஞ்சின் இல்லாத கிளைடரைக் கம்பி வடத்தால் இழுத்து மேலே ஏற்றிவிடுவான். பிறகு விமானிக்குக் காற்றுதான் துணை. காற்று தூக்குகிறதா, இறக்குகிறதா என்று வேரியோமீட்டர் என்னும் கருவி சொல்லும், ஏறினால் கீச்சிடும். அந்தச் சத்தத்தை எங்கே கேட்டாலும் அண்ணனுக்குத் தங்கையின் மேசையும், ஈயம் உருகும் வாசனையும் இன்றைக்கும் நினைவில் வந்து நிற்கும்.

முழுப் பொறுப்பு இன்னும் அவள் கைக்கு வராத ஒரு வருடம், கிளைடர் சங்கம் மின்சார வேரியோமீட்டர் வாங்கியது. கரண்ட் குறைவாகக் குடிக்கும் சின்னதே போதும் என்றாள் தங்கை. செயலாளர் பெரிய திரையில் மனதைப் பறிகொடுத்தார். ரேடியோவுக்கு இருந்த பழைய பேட்டரியிலேயே அதையும் மாட்டச் சொன்னார். இரண்டுக்கும் பன்னிரண்டு வோல்ட்தானே என்பது அவர் கணக்கு.

இரண்டே வாரத்தில், ஷெட்டின் பெரிய வாயாடியான விமானி இரண்டு முறை யாருடைய வயலிலோ போய் இறங்கினார். ஏறுவதாகக் கருவி சொல்லச் சொல்லக் கிளைடர் இறங்கியதாம். பழி, ஒயரைத் தொட்டவள் தலையில் விழுந்தது. சனிக்கிழமைக்குள் சரியாகாவிட்டால் வேலையை வெளியாளிடம் கொடுத்துவிடுவதாகச் செயலாளர் சொல்லிவிட்டார்.

மறுநாள் காலை, ஷெட்டுக்குள் நின்ற கிளைடரில் அண்ணனை உட்காரவைத்தாள்.

“ரேடியோ பட்டனை அமுக்கிப் பேசுண்ணே.”

“என்னத்தம்மா பேச?”

“அவரு பேசுறதையே பேசு. சூப்பரா ஏறுறேன்னு சொல்லு.”

சொன்னான். தரையில் நின்ற கிளைடர் ஏறுவதாகக் கருவி கீச்சிட்டது. பட்டனை விட்டதும் அடங்கியது. தங்கை நல்ல காதை ஸ்பீக்கரில் வைத்துக்கொண்டு, கையிலிருந்த வோல்ட் மீட்டரைப் பார்த்தாள். ரேடியோவில் பேசும்போதெல்லாம் பழைய பேட்டரியின் வோல்ட் தொய்ந்துபோனது. அந்தத் தொய்வைத்தான் கருவி ஏற்றம் என்று எடுத்துக்கொண்டது.

“அவரு பெருமை அடிக்க அடிக்க இது ஆமாஞ்சாமி போட்டிருக்குண்ணே.”

வேரியோமீட்டருக்கென்று தனி பேட்டரியை இருக்கைக்குப் பின்னால் அசையாமல் கட்டினாள். பேட்டரியை ஒட்டியே ஃபியூஸ் வைத்தாள். கரண்டே வேண்டாத பழைய முள் வேரியோமீட்டரையும், துணைக்கு இருக்கட்டும் என்று கழற்றவிடவில்லை. அண்ணன் ஐம்பது முறை பட்டனை அமுக்கி எண்ணினான், ஒருமுறைகூடக் கீச்சில்லை.

சனிக்கிழமை தலைமை மெக்கானிக் சோதனைப் புத்தகத்தை அவள் பக்கம் தள்ளினார். அதுவரை அவள் செய்த வேலைக்கெல்லாம் கையெழுத்து அவருடையதுதான்.

“இதுக்கு நீயே போடு. உனக்குத்தான் தெரியும்.”

போட்டால், மூன்றாவது முறை வயலில் இறங்கினாலும் அடிபடுவது அவள் பெயர்தான். புது பேட்டரியோடு சேர்த்துக் கிளைடரின் எடையை இன்னொரு முறை பார்த்துவிட்டு வந்துதான் பேனாவைக் கேட்டாள்.

வாயாடி அன்று மூன்று மணி நேரம் மேலேயே இருந்தார், பேசிக்கொண்டேதான். வெளியாள் பேச்சை அதன்பிறகு யாரும் எடுக்கவில்லை. தங்கை முதன்முதலாகத் தன் பெயரைக் கையெழுத்திட்ட அந்தப் பக்கத்தில் இருக்கும் தேதி: 17 மார்ச் 2007.