பேய்முகம் போட்ட லேப்டாப்

நான் வீடு கட்டுகிறவள். கட்டுவது என்றால் கம்ப்யூட்டரில். திருவிடைமருதூரிலோ வலங்கைமானிலோ மனை வாங்கிப் போட்டுவிட்டு சிங்கப்பூரிலும் துபாயிலும் வேலை பார்ப்பவர்களுக்கு, வரப்போகும் வீட்டின் முகப்பை வண்ணப்படமாகப் போட்டுக் கொடுப்பேன். எலிவேஷன் என்பார்கள். அதில் இன்னும் வாங்காத கார் நிற்கும், இன்னும் நடாத செடி பூத்திருக்கும். தஞ்சாவூர் இன்ஜினியர் ஒருவர் எனக்கு வேலை அனுப்புவார். அவர் என்னிடம் கேட்ட கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "எப்பம்மா ரெடியாகும்?"

இந்த வேலைக்குச் சாதாரண லேப்டாப் தாங்காது. படங்களை வேகமாக உருவாக்கித் தரும் கிராபிக்ஸ் கார்டு வேண்டும். புதிதாக வாங்க வழியில்லாததால், வல்லத்தில் கல்லூரி முடித்து ஊருக்குக் கிளம்பிய ஒருவரிடம் கேம் விளையாடும் லேப்டாப் ஒன்றைப் பழசாக வாங்கினேன். மூடியில் பேய் முகம். திறந்தால் அதன் கண் சிவப்பாக எரியும், பொத்தான்களுக்கு அடியில் வண்ணங்கள் ஓடும். ஜன்னல் வழியாக அந்த வெளிச்சத்தைப் பார்த்துவிட்டுத் தெருவில் பேசிக்கொண்டார்கள்: "புருசன விட்டுட்டு வந்து கேம் ஆடிக்கிட்டு இருக்கு."

விட்டுவிட்டுப் பிறந்த வீட்டுக்கு வந்தவள்தான். என் கணவர் அடிக்கவில்லை, குடிக்கவில்லை. நான் பேச ஆரம்பித்தால் டிவி சத்தத்தைக் கூட்டுவார். நடந்தது இவ்வளவுதான் என்பதால் எனக்காகப் பரிந்து பேச உறவில் யாருக்கும் ஒரு காரணம் கிடைக்கவில்லை. இரண்டு அடி வாங்கியிருந்தால் கொஞ்சம் மரியாதை கிடைத்திருக்கும் என்று நானே எரிச்சலோடு நினைத்திருக்கிறேன். அம்மா, "எத்தன நாளைக்குடி இப்படி?" என்று ஆரம்பிக்கும்போதெல்லாம் மளிகைப் பையைக் கொண்டுபோய் அடுக்களையில் வைப்பேன். பேச்சு நின்றுவிடும். லேப்டாப் ஓடுகிறவரை நான் இந்த வீட்டில் இருக்கலாம். யாரும் வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும் ஏற்பாடு அதுதான்.

அப்பா வேறு மாதிரி. நான் பெட்டியோடு வந்து இறங்கிய அன்று அதை வாங்கி உள் அறையில் வைத்துவிட்டு வயலுக்குப் போய்விட்டார். அந்த வருட ஆயுத பூஜையன்று மண்வெட்டி, அரிவாள், மருந்தடிக்கிற ஸ்பிரேயர் எல்லாவற்றையும் கழுவி வரிசையாக வைத்துவிட்டு என் அறை வாசலில் வந்து நின்றார். "உன் தொழில் சாமானையும் எடுத்துட்டு வாம்மா" என்றார். தொழில் என்று அதற்கு முன் யாரும் சொன்னதில்லை. சார்ஜரைக் கழற்றிவிட்டு லேப்டாப்பை எடுத்துக்கொண்டு போனேன்.

சந்தனத்தைக் குழைத்துக்கொண்டு வந்தவர் பேய் முகத்தைப் பார்த்துத் தயங்கினார். அதன் நெற்றியில் பொட்டு வைக்க அவருக்கு மனம் ஒப்பவில்லை. லேப்டாப்பை அப்படியும் இப்படியும் திருப்பினார். சற்றுமுன்தான் நான் அதை அணைத்திருந்தேன். பின்பக்கத் துவாரங்களில் இன்னும் சூடு இருந்தது. "இங்கதான் மூச்சு விடுது. இங்கதான் உசுரு" என்று சொல்லி, அந்த இடத்தில் வரிசையாகச் சந்தனமும் குங்குமமும் வைத்தார்.

அதோடு விட்டாரா? நான் போடுவது வீடு என்று தெரிந்த பிறகு, ஒவ்வொரு புது வீட்டுக்கும் பூஜை செய்யாமல் ஆரம்பிக்கக் கூடாது என்று ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார். வயலுக்குக் கிளம்பும் முன் வந்து எட்டிப் பார்ப்பார். "இன்னைக்குப் புது வீடா?" ஆமாம் என்றால், அதே இடத்தில் சந்தனத்தை ஒரு தீற்று தீற்றி, மேலே திருநீறு தூவிவிட்டுப் போவார். அவர் தலை மறைந்ததும் வெளியே தெரிவதைத் துணியால் துடைத்துவிட்டு நான் வேலையை ஆரம்பிப்பேன். ஒருநாளாவது வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். அந்த வீட்டில் என் வேலையை வேலையாக நினைத்த ஒரே ஆளிடம் எப்படிச் சொல்வது?

இந்த வருடம், அப்பா சம்பாவுக்கு நாற்று விட்டிருந்த சமயம், நாகூர்ப் பக்கத்துப் படகுக்காரர் ஒருவரின் வீடு வந்தது. மாடியிலிருந்து கடல் தெரிய வேண்டும் என்று ஆசைப்பட்டார். பாதி வேலையில் திரையில் கோடு கோடாக வந்தது, பிறகு இருண்டுவிட்டது. பேயின் கண் மட்டும் எரிந்துகொண்டிருந்தது.

கிராபிக்ஸ் கார்டு என்பதால் அட்டை மாதிரி உருவிவிட்டு வேறொன்றைச் செருகலாம் என்று நினைத்துக்கொண்டு தஞ்சாவூருக்குப் பஸ் ஏறினேன். பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் மாடியில் ஒரு சர்வீஸ் கடை. மெக்கானிக் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "தம்பியோட லேப்டாப்பாக்கா?" என்றார். என்னுடையது என்றேன். நம்பினாரோ என்னவோ, திருகாணிகளைக் கழற்றினார். அடிமூடியை எடுத்தவர் சிரிக்க ஆரம்பித்தார்.

"என்னக்கா, உள்ள அபிசேகமே நடந்திருக்கு!"

எட்டிப் பார்த்தேன். சூட்டுக் காற்று வெளியே போகிற மெல்லிய தகடுகளின் இடுக்கெல்லாம் மஞ்சளும் சாம்பலுமாகக் கெட்டித்துப் போயிருந்தது. நான் துடைத்தது வெளியே இருந்ததை மட்டும். மெக்கானிக் குச்சியால் சுரண்ட, ஓடு ஓடாகப் பெயர்ந்து மேசையில் விழுந்தது. லேசாகச் சந்தன வாசனை வந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

"காத்து வெளிய போக வழியில்ல. வெந்தே போயிருக்கு. இது தனிக் கார்டு இல்லக்கா, போர்டோட சேத்து ஒட்டுன சிப்பு. சூடு காட்டி, ஒட்டு திரும்பப் பிடிக்குதான்னு பாக்குறேன். எத்தன நாளைக்குத் தாங்கும்னு கேக்காதீங்க."

சூடு காட்டியதில் உயிர் வந்தது. வீட்டுக்கு வந்து விட்ட இடத்திலிருந்து படகுக்காரர் வீட்டைத் தொடர்ந்தேன். கீழ்த்தளம் நன்றாக வந்தது. கடல் பார்க்கிற மாடியில் கைப்பிடிக் கம்பிகள் வந்துகொண்டிருந்தபோது மறுபடியும் அணைந்தது.

மெக்கானிக் சென்னையிலிருந்து பழைய போர்டு ஒன்றை வரவழைத்தார். மாட்டினோம். அதில் ஒன்றுமே வரவில்லை. "அதுவும் சூடு காட்டி ஏமாத்தி அனுப்புன சாமான்க்கா. இந்த மாடலுக்கு வேற போர்டு கெடைக்கல. விட்டுருங்க" என்றார். நகை இருந்தால் அடகு வைத்துப் புதிது வாங்கலாம். என் நகை கணவர் வீட்டு பீரோவில் இருந்தது. அப்பாவின் பணம் முழுக்க வயல் சேற்றில் இருந்தது. கேட்டால் எப்படியாவது புரட்டியிருப்பார். கெட்டது எதனால் என்றும் கேட்டிருப்பார். அதற்கு நான் வாயைத் திறக்கத் தயாராக இல்லை.

இன்ஜினியர், "எப்பம்மா ரெடியாகும்?" என்று கேட்டுப் பார்த்துவிட்டு வேறு ஆளுக்குப் போய்விட்டார். அடுக்களையில் மளிகைப் பை வைக்கப்படாததை அம்மா கவனித்தாள். அவள் பேச்சு மறுபடி ஆரம்பித்தது. கணவர் வீட்டிலிருந்தும் போன் வந்தது. விஜயதசமி நல்ல நாள், வந்து அழைத்துப்போகிறோம் என்றார்கள். சரி என்றேன். என்னிடம் மறுத்துச் சொல்ல ஒன்றும் மிச்சம் இல்லை. லேப்டாப் சரியாகி வந்துவிட்டது என்று அப்பாவிடம் சொன்னேன். அதனால் நான் மனம் மாறித்தான் போகிறேன் என்று நினைத்துக்கொண்டார். அப்படி அவர் நினைப்பதே நல்லது என்று விட்டுவிட்டேன்.

விஜயதசமிக்கு முந்தின நாள் ஆயுத பூஜை. அம்மா பொரி கடலையைத் தட்டில் கொட்டிக்கொண்டிருந்தாள். உள் அறையில் என் பெட்டி பாதி அடுக்கிய நிலையில் திறந்து கிடந்தது. மண்வெட்டியும் அரிவாளும் ஸ்பிரேயரும் கழுவிக் காய்ந்திருந்தன. கிண்ணத்தில் சந்தனத்தோடு அப்பா, "உன் சாமான எடுத்துட்டு வாம்மா" என்றார்.

செத்துப்போன லேப்டாப்பைக் கொண்டுவந்து ஸ்பிரேயருக்குப் பக்கத்தில் வைத்தேன். அவர் குனிந்து அதைத் தொட்டுப் பார்த்தார்.

"இன்னைக்குச் சூடே இல்லையே?"

"பூஜைக்குன்னு காலையிலேருந்து போடலப்பா."

திருப்தியாகத் தலையாட்டினார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல், கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டே, "அங்க போனாலும் இத விட்டுடாத. யாரு என்ன சொன்னாலும் இது ஓடணும்" என்றார். அப்பா எனக்கென்று சொன்ன புத்திமதி அது ஒன்றுதான்.

பேய் முகத்தைத் துணியால் மூடிவிட்டு, துவாரங்கள் இருக்கும் பக்கத்தை நானே அவர் பக்கம் திருப்பி வைத்தேன். நான் தூரமாகப் போகிறேன் என்பதாலோ என்னவோ, இந்தமுறை சந்தனத்தைத் தாராளமாகவே அப்பினார்.