பழுப்பேறிய பனங்காடை

என் தங்கை ஜெயசீலி தன் சோப்புக்குப் பெயரைத் தேடவில்லை, படத்தைத்தான் தேடினாள். அந்த நாளில் கடையில் யாரும் சோப்பைப் பெயர் சொல்லிக் கேட்பதில்லை. மேல் தாளில் என்ன படமோ அதைச் சொல்லித்தான் கேட்பார்கள். படித்தவர்களும் அப்படித்தான். படம் மனத்தில் நிற்காவிட்டால் சோப்பும் நிற்காது என்று அவள் திடமாக நம்பினாள்.

சேலையூரில் எங்கள் வீட்டுப் பின்கட்டில் அவள் தேங்காய் எண்ணெய்ச் சோப்புச் செய்யத் தொடங்கியது 1967 ஜூனில். அதற்கு முன் மிஷன் பள்ளி டீச்சர். ஒரு வருடம் சம்பளமில்லாத விடுப்புக் கேட்டாள், கொடுத்தார்கள். ஆனால் திரும்பி வந்தால் பழைய இடம் கிடையாது, மதுராந்தகத்துக்கு அப்பால் ஒரு விடுதிப் பள்ளிக்குத்தான் போக வேண்டும், வருவதையும் வராததையும் அடுத்த மே மாதக் கடைசிக்குள் சொல்லிவிட வேண்டும் என்று பள்ளி நிர்வாகி கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஜெயசீலிக்கு அந்த விடுதியை நினைத்தாலே முகம் வாடிவிடும். சோப்பு நிலைத்தால் இங்கே இருக்கலாம். நிலைக்காவிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டும்.

படத்துக்கு ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். எங்கள் சர்ச் சபையில் பெண்கள் புறா போடச் சொன்னார்கள். மார்க்கெட் கடைக்காரர்கள் மயில் போடச் சொன்னார்கள், குன்றத்தூர் முருகன் மலைக்குப் போகிற கூட்டமே வாங்கும் என்றார்கள். ஜெயசீலி இரண்டையும் ஒதுக்கிவிட்டாள்.

"புறா போட்டா பாதித் தெரு வாங்காது. மயில் போட்டா மீதித் தெரு வாங்காது" என்றாள்.

ரயில் பாதை ஓரத்தில் தந்திக் கம்பியில் உட்கார்ந்திருக்கும் பனங்காடையை அவள் தேர்ந்தெடுத்தாள். அது சிறகை விரித்தால் அப்படி ஒரு நீலம். யாருடைய கோயிலுக்கும் சொந்தமில்லாத பறவை. என் கணவர் லாசரஸ் மின்சார ரயில் பணிமனையில் வேலை பார்த்தார். கேலி பேசாமல் அவரால் ஒரு வேளை சாப்பிட முடியாது. "காடைன்னு போட்டா பிரியாணிக் கடைன்னு நினைச்சுத் தூக்கோட வரப்போறாங்க" என்றார்.

அவள் தானே வரைந்தாள். இறக்கை நுனி சரியாக வராமல் அழித்து அழித்துத் தாளே கிழிந்தது. மேலும் கீழும் பூ, கொடி, வளையம் என்று எதுவும் வேண்டாம் என்றுவிட்டாள். வெள்ளைத் தாள், விரித்த சிறகோடு ஒரு நீலப் பறவை, கீழே உருண்டை எழுத்தில் 'பனங்காடை மார்க்'. அவ்வளவுதான். பம்மலில் சம்பந்தம் என்பவர் தம் சின்ன அச்சகத்தில் அதை அச்சடித்துக் கொடுத்தார்.

மடிக்கிற வேலை என்னுடையது. எட்டாவதோடு பள்ளியை விட்டவள் நான், ஆனால் தாள் மடிப்பதில் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். பறவை கட்டியின் நட்ட நடுவில் நிற்க வேண்டும், இறக்கை நுனிகள் இரண்டு ஓரத்தையும் தொட வேண்டும், ஒட்டு அடிப்பக்கம் போக வேண்டும். மைதாப் பசை துளி கசிந்தாலும் பிரித்துவிடுவேன்.

1968 மே மாதம் மேற்குத் தாம்பரத்தில் ஒரு கூட்டுறவுப் பண்டகசாலை புதுக் கட்டடத்துக்கு மாறுவதாக இருந்தது. அதன் செயலாளர் யக்ஞநாராயணன் எங்கள் சோப்பைக் கையில் வாங்கி, முகர்ந்துகூடப் பார்க்காமல், தாளையே வெகுநேரம் பார்த்தார். நுழைந்ததும் கண்ணில் படுகிற அலமாரித் தட்டு முழுவதையும் எங்களுக்குத் தருவதாகச் சொன்னார். ஒரே நிபந்தனை, திறப்பு விழா அன்று தட்டு நிறைந்திருக்க வேண்டும். அவர் அப்படிச் சொன்ன அன்று இரவு ஜெயசீலி பின்கட்டில் விளக்கை வைத்துக்கொண்டு எண்ணெய் டின்களைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தட்டை நிறைக்க நிறையச் செய்தாள். வெட்டிய சோப்பை மூங்கில் பரணில் ஆறு வாரமாவது காய விடுவது அவள் வழக்கம். அந்த முறை அதற்கு நாள் போதவில்லை. கத்திரி வெயில் அடிக்கிறதே, சீக்கிரம் காய்ந்துவிடும் என்று எண்ணினாள். கட்டை விரலால் அழுத்திப் பார்த்தாள், கல் மாதிரி இருந்தது. மடிக்கச் சொன்னாள், மடித்தேன்.

திறப்பு விழாவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது, பசை காய்ந்துவிட்டதா என்று பார்க்கப் பெட்டியிலிருந்து ஒரு கட்டியை எடுத்தேன். பறவையின் மார்பில் தேநீர் சிந்தியது போல ஒரு பழுப்புக் கறை. அடுத்ததை எடுத்தேன். அதில் ஓர் இறக்கை முழுக்கப் பழுப்பு. இன்னொரு பெட்டியையும் திறந்து பார்த்தேன். கறை படாத ஒன்றுகூட இல்லை.

ஜெயசீலி கறைபட்ட ஒரு கட்டியையும், மாதிரிக்கு வைத்திருந்த பழைய கட்டி ஒன்றையும் பையில் போட்டுக்கொண்டாள். மூன்று பேரும் பஸ் பிடித்துப் பம்மல் போனோம். மட்டமான மையைப் போட்டு ஏமாற்றிவிட்டார் என்று வழியெல்லாம் லாசரஸ் கொதித்துக்கொண்டே வந்தார். அச்சகத்தில் நுழைந்ததும் அதையே உரக்கச் சொன்னார். சம்பந்தம் மிஷினை நிறுத்திவிட்டுச் சுவரில் தொங்கிய காலண்டரைக் காட்டினார்.

"இன்னா சார் பேசறே நீ? அதே டப்பா மைதான் அதுக்கும் போட்டேன். வாசல் வெயில்ல தொங்கிகினு கீது. ஒரு பொட்டு மாறிச்சான்னு நீயே பாரு."

லாசரஸ் பதில் சொல்ல வாயெடுத்தார். ஜெயசீலி அவர் கையைத் தொட்டு நிறுத்தினாள். புதிய கட்டியை நகத்தால் சுரண்டி, ஈரப்படுத்தி, காலண்டரின் நீல ஓரத்தில் தேய்த்தாள். நாங்கள் நால்வரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம். எங்கள் கண் முன்னாலேயே நீலம் செத்துப் பழுப்பாயிற்று.

"அப்போ மை மேல தப்பில்ல" என்றார் சம்பந்தம். கோபம் போய் அவர் குரலில் கவலை வந்திருந்தது. "உன் சோப்புல இன்னாத்தம்மா போட்ட?"

அவள் பழைய கட்டியை எடுத்துப் பக்கத்திலேயே தேய்த்தாள். நீலம் கொஞ்சம் மங்கியது, பழுப்பாகவில்லை. பிறகு புதிய கட்டியை நாக்கு நுனியில் வைத்தாள். உடனே வெளியே ஓடித் துப்பினாள். திரும்பி வந்தபோது கண்ணில் நீர் நின்றது.

"எண்ணெயோட சேர்க்கிற காஸ்டிக் சோடாக் காரம் இன்னும் அடங்கலக்கா. நான்தான் அவசரப்பட்டுட்டேன்."

பஸ் ஏறித் திரும்பினோம். தாம்பரத்தில் இறங்கியதும் லாசரஸ் நேரே ஒரு பேக்கரிக்குப் போய் ரொட்டி சுற்றுகிற மெழுகுத்தாள் ஒரு கட்டு வாங்கி வந்தார். கட்டியில் சுற்றாத மேல் தாள்கள் இன்னும் ஒரு பெட்டி மிச்சம் இருந்தன. உள்ளே மெழுகுத்தாளைச் சுற்றி அதன்மேல் நம் தாளைப் போட்டால் மையைக் காரம் தொடாது, கடையில் கிடக்கிற நாளில் சோப்பும் பக்குவமாகிவிடும் என்றார். அவருக்கு அவள் மதுராந்தகம் போகக் கூடாது, வேறு எண்ணம் இல்லை.

நான் ஒரு கட்டியை அப்படி மடித்து மேஜைமேல் வைத்தேன். குறை சொல்ல முடியாமல் இருந்தது. நீலம் நீலமாகவே இருந்தது.

ஜெயசீலி அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"உன் மடிப்பு ரொம்ப அழகா இருக்குக்கா. அதுதான் பயமா இருக்கு."

"யாருக்கும்மா தெரியப்போகுது?" என்றார் லாசரஸ்.

"திறப்பு விழா அன்னிக்கே வாங்கிட்டுப் போய்ப் பிள்ளையைக் குளிப்பாட்டுவாங்க அத்தான். அந்தத் தோல் எரியும். எந்தப் படம் எரிச்சுதுன்னு அந்தத் தாய் மறக்கவே மாட்டா."

லாசரஸ் மெழுகுத்தாள் கட்டை எடுத்து அலமாரிமேல் போட்டுவிட்டு வேலைக்குக் கிளம்பினார்.

மறுநாள் காலை நானும் அவளும் பண்டகசாலைக்குப் போனோம். உள்ளே சுண்ணாம்பு வாசம் போகவில்லை. எங்கள் தட்டு துடைத்துக் காலியாக இருந்தது. ஜெயசீலி பழுப்பேறிய கட்டி ஒன்றை யக்ஞநாராயணன் முன் வைத்து நடந்ததைச் சொன்னாள். அவர் முகம் இறுகிவிட்டது. நாளைக்கு விழா, நோட்டீஸ் அடித்தாயிற்று, முதல் தட்டே காலியாக இருந்தால் உறுப்பினர்கள் சிரிக்க மாட்டார்களா என்று கேட்டார். உள்ளே வேறு தாளைச் சுற்றி மறைத்திருக்கலாமே, தமக்குச் சொல்லியே இருக்க வேண்டாமே என்றும் கேட்டார். அதற்கும் அவள் சொன்னாள், வீட்டில் ஒன்று அப்படி மடித்துப் பார்த்தோம் சார் என்று.

அவர் கட்டியை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். பிறகு குமாஸ்தாவைக் கூப்பிட்டு வேறொரு கம்பெனி ஏஜெண்டுக்குப் போன் போடச் சொன்னார். என் தங்கை நின்ற இடத்திலிருந்து அசையவில்லை.

"பக்குவமானதும் கொண்டு வாங்கோ, பார்க்கலாம்" என்றார். "ஆனா இடம் உண்டுன்னு இப்ப வாக்குக் கொடுக்க மாட்டேன்."

வீட்டுக்கு வந்து எல்லாத் தாளையும் பிரித்தோம். நான் பார்த்துப் பார்த்து மடித்த மடிப்புகளை நானே பிரித்தேன். கட்டிகளைக் காற்றுப் படும்படி இடைவெளி விட்டுப் பரணில் மறுபடியும் அடுக்கினோம். மே மாதம் முடியப் போகிறது என்று வீட்டில் யாரும் சொல்லவில்லை. லாசரஸ்கூடக் கேலியை விட்டுவிட்டார். மதுராந்தகம் ஒன்றும் சீமையில்லை, ஞாயிறுதோறும் வந்து போகலாம் என்று ஒரு நாள் மெதுவாகச் சொன்னார்.

கெடுவின் கடைசி நாளன்று அவள் நல்ல புடவை கட்டிக்கொண்டு என்னையும் கூட்டிக்கொண்டு பள்ளிக்குப் போனாள். விடுதிக்கு ஒப்புக்கொள்ளத்தான் போகிறாள் என்று நினைத்துப் போகும் வழியெல்லாம் நான் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே நடந்தேன். வரவில்லை என்று அவள் நிர்வாகியிடம் சொன்னபோது எனக்கே திடுக்கென்றது. அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, பண்டகசாலையில் இடம் தருவதாக வாக்குக் கொடுத்திருக்கிறார்களா என்று கேட்டார். அவருக்கும் சேதி எட்டியிருந்தது.

"இல்ல சார்."

"அப்புறம் எதை நம்பிம்மா வேலையை விடறே?"

"சோப்பு காஞ்சிட்டு இருக்கு சார்" என்றாள்.

சம்பந்தம் தானே பாரிமுனைக்குப் போய் மைக் கடையில் விசாரித்து வேறொரு நீலம் வாங்கி வந்தார். ஒரு சோப்புத் துண்டைக் கேட்டு வாங்கி, அச்சடித்த தாளில் ஈரத்தோடு தேய்த்து, இரண்டு நாள் வெயிலில் போட்டுப் பார்த்த பிறகுதான் மிஷினை ஓட்டினார். அந்த நீலம் முன்னதைவிடக் கொஞ்சம் வெளிறியது. ஜெயசீலிக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் சரி என்றாள்.

ஜூலையில் பண்டகசாலைக்குப் போனபோது கண்ணில் படுகிற தட்டு முழுக்க அந்தக் கம்பெனிச் சோப்பு அடுக்கியிருந்தது. யக்ஞநாராயணன் ஒரு கட்டியைப் பிரித்து, தாளைப் பார்க்காமல், அங்கேயே குழாயடியில் கை கழுவினார். கையைத் துடைத்துவிட்டுத் தரையோடு ஒட்டிய கீழ்த்தட்டில் ஒரு மூலையைக் காட்டினார். ஜெயசீலி முழங்கால் போட்டு உட்கார்ந்து, பறவைகளெல்லாம் வாசலைப் பார்க்கும்படி ஒவ்வொன்றாக அடுக்கினாள். அந்த மூலையிலிருந்து எடுக்க வேண்டுமானால் நன்றாகக் குனிய வேண்டும். அந்த மாதம் முழுக்க ஜனங்கள் குனிந்து எடுத்தார்கள்.