வீடியோவுக்குள் வந்த அப்பாவின் குரல்

குருநகரில் ஆங்கிலம் படிப்பிக்கிறேன். பெற்றோரின் தொழில் பற்றி ஆங்கிலத்தில் பேசி வீடியோ எடுத்துவரும்படி எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் சொன்னேன். ரெஜினா கடற்கரையில் நின்று எடுத்திருந்தாள். போனைப் பிடித்த அப்பா, “உது என்ன வலை, பிள்ளை?” என்று இடையிடையே கேட்க, அவள் சிரித்துச் சிரித்து ஆங்கிலத்தில் பதில் சொன்னாள்.

நானோ, “அப்பாவின்ரை குரல் வரக்கூடாது. திருப்பி எடுத்துக்கொண்டு வாரும்” என்றேன்.

இரண்டாவது வீடியோவில் சுவரோரம் தனியே நின்றாள். மூன்றாவது வசனத்தில் கண் கலங்கி நிறுத்திவிட்டாள். அதன் பிறகு வகுப்பிலும் ஆங்கிலத்தில் வாய் திறக்கவில்லை. ஏன் என்று கேட்டேன்.

“கேக்க ஆளில்லாமல் ஆரோடை, ரீச்சர், கதைக்கிறது?” என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. முதல் வீடியோவையே வகுப்பில் போட்டுக் காட்டினேன். இப்போதெல்லாம் போனைப் பிடிப்பவர் தமிழிலாவது கேள்வி கேட்டே ஆகவேண்டும் என்கிறேன். அந்தக் குரலுக்கும் ஐந்து புள்ளி போடுகிறேன்.