நாலு நாளைக்கு முதுகு நனையக்கூடாது

தோல் கிளினிக்கில் ஒட்டுச் சோதனை செய்கிற மிஸ்ஸிக்கு, அதாவது நர்சுக்கு, உத்தியோகம் என்னவென்று கேட்டால், ஆட்களைக் குளிக்கவிடாமல் பார்த்துக்கொள்வதுதான். உங்களில் யாராவது ஒரே பேச்சை நாளைக்கு நாற்பது தடவை சொல்லி, நாற்பது தடவையும் எதிரே இருப்பவர் "சரி சரி" என்று தலையாட்டுவதை நம்பி, கடைசியில் ஏமாந்து போகிறவராக இருந்தால் இந்தப் பக்கம் வந்து உட்காருங்கள். நாம் ஒரே ஜாதி.

வேலை இதுதான். எந்தச் சாமான் ஒருவருக்கு அரிப்பைக் கொடுக்கிறது என்று கண்டுபிடிக்க, நிக்கல், சென்ட், ரப்பர் மருந்து, முடிக்கு அடிக்கிற டை என்று ஒவ்வொன்றிலும் துளி எடுத்து, பொத்தான் அளவு வில்லைகளில் வைத்து, திங்கட்கிழமை முதுகில் ஒட்டுவேன். புதன்கிழமை பிரிப்பேன். வெள்ளிக்கிழமை டாக்டர் பார்ப்பார். அதுவரை முதுகில் சொட்டுத் தண்ணீர் படக்கூடாது. மலாக்கா வெயிலில், காலையும் மாலையும் தலையோடு ஊற்றிக்கொள்கிற நம் ஜனங்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், தெரியும் சங்கதி.

தண்ணி தானா போச்சு

கோலா சுங்கை பாருவில் மளிகைக்கடை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர். திங்கட்கிழமை மூன்று முறை சொன்னேன். தமிழில் சொன்னேன், மலாயில் சொன்னேன், காகிதத்தில் எழுதியும் கொடுத்தேன். புதன்கிழமை சட்டையைக் கழற்றினால் வில்லைகள் எல்லாம் ஒரு பக்கமாகச் சரிந்து இடுப்புக்கு வந்துவிட்டன. நான் பேனாவால் எழுதின நம்பர் ஒன்றுகூட இல்லை. முதுகில் நல்லெண்ணெய் வாசனை.

"குளிச்சீங்களா அண்ணே?" என்றேன், பல்லைக் கடித்துக்கொண்டு. மனுஷனுக்கு வந்ததே கோபம்! "நான் முதுகுக்கே ஊத்தல மிஸ்ஸி. தலைக்குத்தான் ஊத்துனேன். தண்ணி தானா கீழ போச்சு, அதுக்கு நான் என்னா செய்யிறது?"

இருபது வருஷமா ஒண்ணும் ஆகல

இது என்னிடம் வருகிற எல்லாரும் பாடுகிற பாட்டு. போன மாதம் ஒரு திங்கட்கிழமை பாடினவர் தேவி அக்கா. சுங்கை ரம்பாயில் சின்னதாக ஒரு அழகு நிலையம் வைத்திருக்கிறார். தனி ஆளாக இரண்டு பெண் பிள்ளைகளைப் படிக்க வைக்கிறார், அந்தக் கடை ஒன்றுதான் சோறு. கை இரண்டும் வெடித்து, விரல் மடக்கினால் ரத்தம் கசிந்தது. "கை கழுவுற சவுக்காரமாத்தான் இருக்கும் மிஸ்ஸி. டையா மட்டும் இருந்துறக் கூடாது. என் கடைக்கு வர்றதுல பாதிப் பேரு நரைக்குத்தான் வர்றாங்க. டை இல்லன்னா கடையைச் சாத்திட்டுப் போக வேண்டியதுதான்" என்றார். இருபது வருஷமாகக் கையுறை போடாமல் குழைத்தாராம். ஒன்றும் ஆகவில்லையாம். அதனால் டை நிரபராதியாம்!

எஸ்டேட்டில் பிறந்தவர் என்பதால் அவருக்குப் புரிகிற மாதிரி சொன்னேன். "அக்கா, தோலுக்குள்ள காவல் செல்லுங்க இருக்கு. புதுசா எது உள்ள வந்தாலும் அதுல ஒரு துண்டை எடுத்துக்கிட்டு அக்குள்ல இருக்கிற நெறிக்கட்டிக்கு ஓடும். அதுதான் பெரட்டுக்களம்னு வச்சுக்குங்க. விடியக்காலையில தோட்டத்து ஆளுங்களை வரிசையா நிக்க வச்சு, கணக்கெழுதுற கிராணி பேர் கூப்பிடுவாரே, அந்த மாதிரி அங்க நிக்கிற டி செல்லுங்க ஒவ்வொண்ணு கிட்டயும் அந்தத் துண்டைக் காட்டும். ஒவ்வொரு டி செல்லுக்கும் ஒரே ஒரு ஆளைத்தான் அடையாளம் தெரியும். லட்சம் பேரு பேசாம நிப்பாங்க. 'இது என் ஆளு'ன்னு ஒருத்தன் முன்னாடி வந்துட்டான்னா, அவன் ஒண்ணு பத்தாகி, பத்து ஆயிரமாகி உடம்பெல்லாம் ரோந்து சுத்துவான். வைரஸ் புகுந்த செல்லைத் தேடிக் கொல்றவனும் அவன் கூட்டந்தான். உங்க விஷயத்துல, ஒரு பாவமும் அறியாத சாமானை எதிரின்னு நினைச்சுக்கிட்டான், அவ்வளவுதான். அது முதல் நாளும் நடக்கலாம், இருபதாவது வருஷமும் நடக்கலாம்."

எனக்கு மூச்சு வாங்கியது. அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். "அப்ப இருபது வருஷமா அந்த ஆளு பெரட்டுக்கு வராம மட்டம் போட்டுட்டு இப்பத்தான் வந்திருக்கானா?"

ரத்தம் எங்கே, பிள்ளை?

அதே திங்கட்கிழமை, மலாக்கா டவுனில் குடியிருக்கும் யாழ்ப்பாணத்து ஐயா ஒருவர். அரசாங்க ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவர், எதற்கும் காகிதமும் ரிப்போர்ட்டும் வேண்டும். ஊசி போட்டு ரத்தம் எடுத்தால்தான் சோதனை என்பது அவர் கட்சி. இது ரத்தத்தில் மிதக்கிற ஆன்டிபாடி செய்கிற வேலை இல்லை ஐயா, செல்களே நேராக நடந்து வந்து செய்கிற வேலை, அவை தோலில் வந்து சேர இரண்டு மூன்று நாளாகும், அதைத் தோலிலேயேதான் பார்க்க வேண்டும் என்று விளக்கினேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே முழுதும் கேட்டார். கேட்டுவிட்டு முழங்கை வரை சட்டையை மடக்கிக் கையை நீட்டினார்.

"அதெல்லாம் சரி பிள்ளை, இப்ப ரத்தத்தை எடும்."

மரத்தின் மேல் குற்றமில்லை

லூபோக் சீனா பக்கத்துத் தோட்டத்தில் நாற்பது வருஷம் பால் மரம் வெட்டிய, அதாவது ரப்பர் மரத்தைச் சீவிப் பால் எடுத்த, மாமா ஒருவர். இரண்டு பாதத்திலும் சிலிப்பர் வார் போகிற இடத்தில் அச்சு அடித்த மாதிரி புண். சோதனையில் ரப்பர் மருந்து நன்றாகத் தடித்து எழும்பியது. சொன்னதும் ஒரே சண்டை. ரப்பர் பாலில் முழங்கை வரை நனைந்தவனாம், நான் அவருக்கு ரப்பர் ஆகாது என்கிறேனாம். மரத்துப் பால் வேறு, பாலைச் செருப்பாக்கும்போது தொழிற்சாலையில் சேர்க்கிற மருந்து வேறு, உங்கள் டி செல் பிடித்தது அந்த மருந்தை என்று சொல்லி முடிப்பதற்குள் அரை மணி நேரம் ஓடிவிட்டது.

ஒரு வழியாக முகம் மலர்ந்தது. வாசல் வரை போய்த் திரும்பி, காத்திருந்த அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி அறிவித்தார்: "நான் அப்பவே சொன்னேன், மரம் நல்ல மரம், பேக்டரிக்காரந்தான் சரியில்ல!"

மறக்காமல் அதே சிலிப்பரை மாட்டிக்கொண்டு போனார்.

பதினாலாம் நம்பர்

திங்கட்கிழமை ஒட்டும்போது தேவி அக்கா பேச்சுவாக்கில், "டை எந்த நம்பர் மிஸ்ஸி?" என்று கேட்டார். நானும் ஒரு கூறுகெட்டவள், "பதினாலு" என்று சொல்லித் தொலைத்தேன். புதன்கிழமை பிரிக்கப் போனால் மற்ற வில்லைகள் எல்லாம் கச்சிதமாக இருக்கின்றன. பதினாலு இருந்த இடத்தில் மட்டும் பிளாஸ்திரியில் ஓட்டை. ஓட்டை என்றால், காம்பஸ் வைத்துக் கோடு போட்டு வெட்டின மாதிரி வட்டம். புருவம் திருத்துகிற கத்தரிக்கோலால்தான் அப்படி வெட்ட முடியும்.

"இது எங்கக்கா போச்சு?" என்றேன். அக்கா சுவரில் இருந்த நாட்காட்டியை மும்முரமாகப் படித்தார். அந்த இடம் லேசாகச் சிவந்திருந்தது, பிளாஸ்திரி பிரித்த சிவப்பாகவும் இருக்கலாம். எனக்கு அழுகை வராத குறை. என்ன கிடைத்தாலும் வெள்ளிக்கிழமை பார்ப்போம் என்று மறுபடியும் நம்பர் எழுதி அனுப்பினேன். போகிற போக்கில் அக்கா சொன்னார்: "வேர்வைல விழுந்துருச்சு மிஸ்ஸி. சுங்கை ரம்பாய் சூடு உங்களுக்குத் தெரியாதுலா!"

வெள்ளிக்கிழமை

டாக்டர் விளக்கைத் திருப்பி முதுகில் பிடித்தார். சவுக்காரம், சென்ட், நிக்கல் எல்லா இடமும் சுத்தம். பதினாலில் மட்டும் ஐம்பது காசு அகலத்துக்குச் சிவந்து தடித்து, மேலே பொடிப் பொடியாக நீர்க்கொப்புளம். நான் கைப்பேசியில் படம் எடுத்து அக்காவிடம் காட்டினேன். "ஒட்டுன அன்னைக்கு சாயந்தரமே சின்ன மகளை விட்டு வெட்டி எடுத்துட்டேனே மிஸ்ஸி! ஆறு மணி நேரங்கூட இல்லையே!" என்று அவரே உளறிவிட்டார்.

எனக்குக் கொதித்தது. நாலு வார்த்தை நறுக்கென்று கேட்க வாயைத் திறந்தவள், மடியில் கிடந்த அந்தக் கைகளைப் பார்த்து மூடிக்கொண்டேன். பாவம், பிழைப்புக்குப் பயந்து செய்தது. டாக்டர்தான் நிதானமாகச் சொன்னார். உங்களை மாதிரி ஆளுக்கு அரை மணி நேரம் பட்டாலே போதும், காவல் செல் துண்டைக் காட்டிவிடும், அதற்குப் பிறகு வில்லையைத் தூக்கி எறிந்தாலும் டி செல் வந்தே தீரும் என்றார். கடையைச் சாத்த வேண்டாம், இனி டையை வெறுங்கையால் தொடாமல் ஒரு தலைக்கு ஒரு ஜோடி நைட்ரைல் கையுறை போடுங்கள், குழைக்கிற வேலைக்கு வேறு ஆள் வையுங்கள், கை ஆறிவிடும் என்றார்.

"வேற கம்பெனி டை?" "எல்லாக் கறுப்பு டையிலயும் அதே மருந்துதான்மா." "ஹென்னான்னு விக்கிற கறுப்புத் தூளு?" "அதுலயும் பெரும்பாலும் கலந்திருக்கும்." "கொஞ்ச வருஷம் தொடாம இருந்தா அது மறந்துறாதா டாக்டர்?" "மறக்காதும்மா. ஆயுசுக்கும் ஞாபகம் வச்சிருக்கும்."

டாக்டர் அடுத்த அறைக்குப் போய்விட்டார். நான் ஒரு பெட்டி கையுறையை எடுத்து அக்காவிடம் நீட்டினேன். வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, ரத்தம் கசிகிற விரலால் அதன் மூடியைத் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்துக் கேட்டார்: "ஜோகூருக்கு வேலைக்குப் போன மனுசன் ஆறே மாசத்துல எங்க மூணு பேரையும் மறந்துட்டான், எனக்குள்ள இருக்கிற இந்தச் சனியன் மட்டும் ஆயுசுக்கும் மறக்காதாமா, மிஸ்ஸி?"

பதினோரு வருஷமாக இந்த வேலையில் மாரடித்து நான் கண்டது இவ்வளவுதான்: மிஸ்ஸி சொன்னதை ஆட்கள் வாசல் தாண்டியதும் மறந்துவிடுகிறார்கள், மறந்து தொலைக்க வேண்டிய அவர்கள் தோல்தான் ஒன்றையும் மறக்க மாட்டேன் என்கிறது.