வெட்டாத பக்கங்கள்

தமிழ்நாட்டோடு சேர்க்கச் சொல்லி எல்லைப் போராட்டம் நடந்த ஐம்பதுகளில், பாறசாலைக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில் நடந்தது இது. அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. சினிமா என்று சொன்னாலே வாயைக் கொப்பளிக்கச் சொல்லும் கிறிஸ்தவ வீடு எங்களுடையது. எனக்கோ சினிமாப் பைத்தியம். ஒரு படம்கூடப் பார்த்ததில்லை. கேள்விப்பட்டதை வைத்தே அவ்வளவு பைத்தியம்!

அடுத்த வீட்டு மாமிக்கு ஒரே மகன். நெய்யாற்றின்கரையில் தையல் கடையில் வேலை. பிரபல நடிகர் ஒருவரின் வாழ்க்கை வரலாறு புதிதாக வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டு, நாகர்கோவில் வரை போய் வாங்கி வந்தார். அந்தக் காலத்தில் புதுப் புத்தகங்களின் பக்கங்கள் மடிப்போடு ஒட்டியே இருக்கும். வெட்டித்தான் வாசிக்க வேண்டும். அன்றன்றைக்கு வாசிக்கிற அளவு மட்டும் தையல் கத்தரியால் வெட்டுவார். எழுத்தறியாத மாமி அரிசி புடைத்துக்கொண்டே கேட்பார். வேலிக்கு இந்தப் பக்கம் நின்று நானும் கேட்பேன். இரவல் கேட்டதற்கு, "முழுசும் வாசிச்சிட்டுத் தாறேன், அது எங்க ஓடிப் போவுது?" என்று கேலி செய்தார்.

புத்தகம் ஓடிப் போகவில்லை. அவர்தான் போனார். காய்ச்சல் முற்றிய அன்று பஸ் கிடையாது. போராட்டத்துக்காக ரோட்டில் மரத்தை வெட்டிப் போட்டிருந்தார்கள். நாற்காலியில் உட்கார வைத்துச் சுமந்து போனார்கள். ஆஸ்பத்திரி சேரும் முன்பே உயிர் பிரிந்துவிட்டது. அந்தப் பக்கம் சேர வேண்டும், இந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்று ஒரு நாளும் யாரிடமும் வாதாடாத மனிதர்.

சில மாதம் கழித்து அறுப்பின் பண்டிகை வந்தது. அவரவர் வீட்டில் விளைந்ததில் நல்லதை ஆலயத்தில் காணிக்கையாக வைப்போம். ஆராதனை முடிந்ததும் அவற்றை முற்றத்தில் ஏலம் விடுவார்கள். ஏத்தன் வாழைக்குலை, மரச்சீனிக் கிழங்கு, சேவல் என்று ஒவ்வொன்றாகப் போயின. முடிந்தது என்று எல்லாரும் எழுந்தபோது மாமி மட்டும் எழவில்லை.

"எனக்கக் காணிக்கைய ஏலம் விளிக்கல்லியே ஐயா" என்று கேட்டார்.

ஏலம் விட்ட ஆலய உபதேசியார் தயங்கினார். மேஜைக்கு அடியில் ஒதுக்கி வைத்திருந்த துணிப்பொதியைக் காட்டி, இது சினிமாக்காரனைப் பற்றிய புத்தகம் அல்லவா, ஆலய முற்றத்தில் எப்படி ஏலம் விடுவது என்றார். மெதுவாகத்தான் சொன்னார். பின்னால் யாரோ சிரித்தார்கள்.

"இந்த வருசம் நான் ஒண்ணும் நடல்ல ஐயா. வீட்டுல நல்லதுன்னு உள்ளது இது மட்டுந்தான். எனக்க மவன் ஆசப்பட்டு வாங்கினதாக்கும்."

சிரிப்பு நின்றது. உபதேசியார் தானே பொதியைப் பிரித்துப் புத்தகத்தை உயர்த்திப் பிடித்தார். விலை கேட்க ஆளில்லை. சினிமா பாவம் என்று சிலருக்குப் பயம். செத்தவன் பொருள் என்று சிலருக்கு. அப்பா அங்கே இருப்பதையும் மறந்து நான் விலை கேட்டுவிட்டேன். வீட்டுக்குப் போய் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன், அது தனிக்கதை.

மறுநாள் புத்தகத்தை மாமியிடமே கொடுக்கப் போனேன். காணிக்கை போட்டதைத் திரும்ப வாங்கக் கூடாது என்று மறுத்துவிட்டு, அங்கேயே உட்கார்ந்து வாசித்துக் காட்ட மட்டும் சொன்னார்.

வாசித்தேன். நாடகக் கம்பெனியில் பட்டினி கிடந்த பையன் வாய்ப்புத் தேடிச் சென்னைக்கு வந்து, ஸ்டுடியோ வாசலில் காத்து நிற்கிறான். வெட்டிய பக்கங்கள் அதோடு தீர்ந்தன. ஜன்னலில் இருந்த அவருடைய தையல் கத்தரியை எடுத்தேன். மாமி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வெட்டாத மக்கா. அவன் இம்புட்டுதான் வாசிச்சான். மொதல்ல இருந்து வாசி."

எனக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. மாமி அழவில்லை; முறத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். நான் முதலிலிருந்து வாசித்தேன். கல்யாணமாகி ஊரைவிட்டு வரும்வரை எத்தனையோ சாயங்காலம் அப்படித்தான் போனது. ஒருநாளும் அந்தப் பையன் ஸ்டுடியோவுக்குள் போகவில்லை.

புத்தகம் இன்றும் என்னிடம் இருக்கிறது, வெட்டவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டுக்குத் துக்கம் கேட்கப் போனால், எல்லாம் சரியாகிவிடும் என்று இப்போதும் என் வாயில் வருவதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, போன பிள்ளையைப் பற்றி முதலிலிருந்து சொல்லுங்கள் என்று மட்டும்தான் கேட்கிறேன்.